முதல் மாக் டிராஃப்ட் போடுகிறீர்களா? முதலில் கணக்கு, அப்புறம் ஆட்டக்காரர்

2024 ஏப்ரலில் எங்கள் அலுவலகத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் அணிகள் வருஷத்துக்கு ஒரு தடவை வரிசைப்படி கல்லூரி ஆட்டக்காரர்களை எடுப்பதுதான் டிராஃப்ட், அதில் ஓர் ஆளை எடுக்கும் உரிமைதான் பிக். சிகாகோ பேர்ஸ் அணி அதில் யார் யாரை எடுக்கும் என்று ஆளுக்கொரு ஊகப் பட்டியல், அதாவது மாக் டிராஃப்ட், எழுதித் தர வேண்டும். கடைசியாக வருகிறவர் திங்கட்கிழமை எல்லோருக்கும் டோனட் வாங்க வேண்டும். நான் இரண்டு வாரம் ராத்திரி கண் விழித்து வீடியோ பார்த்து, இரண்டாவது ரவுண்டுக்கு ஓர் அருமையான எட்ஜ் ரஷரை, அதாவது ஓரத்திலிருந்து பாய்ந்து எதிரணியின் பந்து எறிபவரைப் பிடிக்கிறவரை, கண்டுபிடித்து எழுதினேன். பக்கத்து மேசைக்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். பேர்ஸுக்கு இந்த வருஷம் இரண்டாவது ரவுண்ட் பிக்கே கிடையாதே என்றார்.

உண்மைதான். அந்த பிக்கை 2023 அக்டோபர் கடைசியிலேயே வாஷிங்டனுக்குக் கொடுத்து மான்டெஸ் ஸ்வெட்டை வாங்கியிருந்தார்கள். அவர் யார்? எட்ஜ் ரஷர். இல்லாத பிக்கில், ஏற்கெனவே அதே பிக்கைக் கொடுத்து நிரப்பிய இடத்துக்கு நான் ஆள் தேடியிருக்கிறேன். டோனட் யார் வாங்கியது என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டம் ஓரளவு புரிந்து, ஓர் அணியைப் பிடித்துப்போய், இந்த வருஷம் நாமும் ஒரு மாக் டிராஃப்ட் போட்டுப் பார்க்கலாமே என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது ஐபிஎல் ஏலம் மாதிரி இல்லை. அங்கே பணம் வைத்திருக்கிறவர் கையைத் தூக்கலாம். இங்கே உங்கள் முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால்தான் இதில் ஆள் பார்ப்பதைவிடக் கணக்குப் பார்ப்பது முக்கியம்.

1. எந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறீர்கள்?

அணி யாரை எடுக்கும் என்பது ஒரு கேள்வி. யாரை எடுக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் எதுவும் தேறாது. போட்டிக்கு என்றால் முதல் கேள்வி. நண்பர்களோடு வாதாட என்றால் இரண்டாவது. தாளின் தலைப்பிலேயே எது என்று எழுதிவிடுங்கள். பாதி வழியில் உங்களுக்குப் பிடித்த ஒரு ரிசீவர் கண்ணில் பட்டதும் கை தானாகக் கட்சி மாறும், எனக்கு மாறியது.

2. கையில் என்ன பிக் இருக்கிறது என்று எண்ணுங்கள்

மொத்தம் 7 ரவுண்ட், 32 அணிகள். ஒவ்வோர் அணிக்கும் ஏழு பிக் என்று நினைத்தால் என் கதிதான். 2024 டிராஃப்ட் தொடங்கும்போது பேர்ஸ் கையில் இருந்தவை நான்கே நான்கு: 1, 9, 75, 122. அதில் முதலாவது பிக் அவர்களுடையதே அல்ல. 2023இல் தங்கள் முதலிடத்தைக் கரோலைனா பேந்தர்ஸுக்குக் கொடுத்ததற்கு வாங்கிய பல பொருள்களில் அதுவும் ஒன்று. அந்த ஒரே ட்ரேடில் (கைமாற்றில்) வந்த இன்னொரு பிக், 2025இல் 39ஆவதாக வந்து சேர்ந்தது. அதனால் இந்த வருஷத்து ட்ரேடுகளை மட்டும் பார்த்தால் போதாது, இரண்டு மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

வரிசை இப்படி அமையும். பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகளும் மோசமான ரெக்கார்டிலிருந்து 1 முதல் 18 வரை. முதல் பிளேஆஃப் வாரத்தில் தோற்றவர்கள் 19 முதல் 24. அடுத்த வாரம் தோற்றவர்கள் 25 முதல் 28. அதற்கடுத்து 29, 30. சூப்பர் பௌலில் தோற்றவர் 31, ஜெயித்தவர் 32. இரண்டு அணிகளின் ரெக்கார்டு சமமாக இருந்தால், யாருடைய எதிரணிகள் பலவீனமானவையோ அவருக்கு முன்னிடம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. முதல் ரவுண்டில் 10ஆவது இடம் என்றால் இரண்டாவது ரவுண்டில் 10 கூட்டல் 32, அதாவது 42 என்று போடாதீர்கள். சமமான ரெக்கார்டு உள்ள அணிகள் ரவுண்டுக்கு ரவுண்ட் இடம் மாறிக்கொள்ளும். 2024 சீசனில் ஜெட்ஸ், பேந்தர்ஸ், செயின்ட்ஸ், பேர்ஸ் நான்கும் 5 வெற்றி, 12 தோல்வி. 2025இன் முதல் ரவுண்டில் அதே வரிசையில் 7, 8, 9, 10. இரண்டாவது ரவுண்டில் ஜெட்ஸ் கடைசிக்குப் போய்விட்டது: பேந்தர்ஸ் 39 (அதுதான் பேர்ஸுக்கு வந்த பிக்), செயின்ட்ஸ் 40, பேர்ஸ் 41, ஜெட்ஸ் 42. பேர்ஸுக்குக் கூட்டல் கணக்குப் போட்டவர்களுக்கு ஓர் இடம் தவறும்.

இன்னும் ஒன்று, ஈட்டு பிக்குகள். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் அணி மாறும் ஃப்ரீ ஏஜென்சியில் வாங்கியதைவிட இழந்தது அதிகம் என்றால், அந்த அணிக்கு அடுத்த வருஷம் 3 முதல் 7 வரையிலான ஏதாவது ஒரு ரவுண்டின் கடைசியில் கூடுதலாக பிக் கிடைக்கும். இவற்றை லீக் மார்ச்சில்தான் அறிவிக்கும். ஆகவே ஜனவரியில் எண்ணியதை மார்ச் கடைசியில் இன்னொரு தடவை எண்ணுங்கள்.

3. காலண்டரை ஒட்டி வேலை செய்யுங்கள்

ஜனவரியிலேயே பட்டியல் போட்டு முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வீண் வேலை. நான் இப்போது பின்பற்றும் ஒழுங்கு இது:

ஜனவரியில் பிக் எண்ணிக்கையும் பயிற்சியாளர் மாற்றங்களும் மட்டும். மூன்றாம் வருஷ மாணவர்கள் டிராஃப்டுக்கு வருகிறோம் என்று அறிவிப்பதும் இந்த மாதம்தான். அதற்கு முன் பெயர் எழுதினால், ஆள் கல்லூரியிலேயே தங்கிவிடுவார். மாதக் கடைசியையொட்டி அலபாமாவின் மொபைல் நகரில் சீனியர் பௌல் என்ற கல்லூரி ஆட்டக்காரர்களின் காட்சி ஆட்டம். ஆட்டத்தைவிட அந்த வாரத்துப் பயிற்சிகளைப் பாருங்கள். பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில், அணிகள் முன்னால் ஓட்டமும் உடல் சோதனைகளும் நடக்கும் கம்பைன். மார்ச் நடுவில் ஃப்ரீ ஏஜென்சி. மார்ச் முழுக்கக் கல்லூரிகளில் அதே மாதிரிச் சோதனை நாளான ப்ரோ டே. ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட்.

இதில் ஃப்ரீ ஏஜென்சிதான் பெரிய மேடு. அதற்கு முன் போட்ட எந்தப் பட்டியலையும் கிழித்துப் போடத் தயாராக இருங்கள். 2025 மார்ச்சில் பேர்ஸ் ஒரே வீச்சில் கார்ட் ஜோ தூனியையும் கார்ட் ஜோனா ஜாக்சனையும் ட்ரேடில் வாங்கி, சென்டர் ட்ரூ டால்மனை ஒப்பந்தம் செய்தது. மூவருமே தடுப்பு வரிசைக்காரர்கள். பிப்ரவரியில் நான் முதல் ரவுண்டுக்கு எழுதி வைத்திருந்தது, நீங்கள் ஊகித்திருப்பீர்கள், ஒரு தடுப்பு வரிசை ஆள்.

4. ஒப்பந்தப் பட்டியலை எடுத்து வையுங்கள்

எல்லோரும் தாவிப் போய்விடும் படி இது. ஆனால் பட்டியலின் உயிர் இதில்தான் இருக்கிறது.

உங்கள் அணியின் டெப்த் சார்ட்டை, அதாவது இடவாரியான ஆட்டக்காரர் பட்டியலை, எடுத்து, ஒவ்வோர் இடத்திலும் முதலாவது ஆளின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: வயது, ஒப்பந்தம் எந்த வருஷம் முடிகிறது, இப்போது விட்டுவிட்டால் அணிக்கு எவ்வளவு பணம் மிச்சம். ஓவர் தி கேப், ஸ்போட்ராக் இரண்டு தளங்களிலும் இந்த விவரம் இலவசமாகவே கிடைக்கும். 22 பேருக்கு எழுத எனக்கு ஒரு ஞாயிறு மதியம் ஆனது, நடுவில் ஒரு காபியோடு.

எழுதி முடித்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். இந்த வருஷத்து ஓட்டை வேறு, அடுத்த வருஷத்து ஓட்டை வேறு. ரசிகர்கள் இன்று காலியாக இருக்கிற இடத்துக்கு ஆள் தேடுவோம். அணிகளோ பல நேரம் அடுத்த வருஷம் காலியாகப் போகிற இடத்துக்கு ஆள் எடுக்கும். 32 வயது டேக்கிள், ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் என்று உங்கள் தாளில் ஒரு வரி வந்தால் அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

பணமும் சேர்ந்தது இது. டிராஃப்டில் வருகிறவர்களுக்கு நான்கு வருஷ ஒப்பந்தம். எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்துச் சம்பளம் ஏறக்குறைய முன்பே தீர்மானமாகிவிடும். 2024இல் முதலாவதாக எடுக்கப்பட்ட, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸுக்கு நான்கு வருஷத்துக்குச் சுமார் 3.95 கோடி டாலர். அந்த இடத்தில் பின்வரிசைக் காவலரான ஒரு சேஃப்டியை எடுத்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே தொகைதான். குவார்ட்டர்பேக்குக்கு அது கொள்ளை மலிவு, சேஃப்டிக்கு அது கொள்ளை. முதல் பத்து பிக்குகளில் குவார்ட்டர்பேக், டேக்கிள், எட்ஜ் ரஷர், ரிசீவர், கார்னர்பேக் என்று திரும்பத் திரும்ப வருவதன் காரணம் புரிகிறதா? முதல் ரவுண்ட் ஆளுக்கு மட்டும் ஐந்தாவது வருஷத்தை நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. சில அணிகள் 32ஆவது பிக்குக்காக மேலே ஏறி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஓட்டைப் பட்டியலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 மார்ச்சில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் கர்க் கசின்ஸுக்கு நான்கு வருஷத்துக்கு 18 கோடி டாலர் வரை போகும் ஒப்பந்தம் கொடுத்தது. குவார்ட்டர்பேக் கட்டத்தில் எல்லோரும் டிக் அடித்துவிட்டோம். ஏப்ரலில் 8ஆவது பிக்கில் அவர்கள் எடுத்தது குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸை.

5. உங்கள் பலகையைத் தயார் செய்யுங்கள்

2025இல் மொத்தம் 257 பேர் எடுக்கப்பட்டார்கள். அத்தனை பேரையும் தெரிந்துகொள்ள நமக்கு ஆயுசு போதாது. பலகை என்பது ஆட்டக்காரர்களின் தரவரிசைப் பட்டியல்தான், புதியவருக்கு அதில் 50 பெயர் போதும். உங்கள் அணியின் முதல் மூன்று பிக்குகளைச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து பேர். எனக்கு 2025இல் 10, 39, 41. ஆகவே 20க்கும் 30க்கும் இடையில் போகக்கூடியவர்களைப் பற்றி நான் கவலையே படவில்லை.

பெயர்களை எங்கே எடுப்பது? ஒரே ஒரு நிபுணரின் பட்டியலை நம்பாதீர்கள். பலருடைய தரவரிசைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்துத் தரும் கூட்டுப் பலகைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அதிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் 1, 2, 3 என்று எண் போடாமல் படி படியாகப் பிரியுங்கள். முதல் படியில் ஆறு பேர், அடுத்ததில் ஒன்பது பேர் என்று. உங்கள் முறை வரும்போது மேல்படியில் யார் மிச்சமோ அவர்களில் உங்கள் ஓட்டைக்குப் பொருந்துகிறவரை எடுக்கலாம். கீழ்ப்படியிலிருந்து ஓட்டைக்காக ஆள் எடுத்தால் அது பிழை. இந்த ஒரு பழக்கம் எனக்கு நிறையக் குழப்பத்தைத் தீர்த்தது.

வீடியோ பார்ப்பதானால் ஹைலைட்ஸ் பார்க்காதீர்கள். அதில் எல்லோரும் சூரர்கள். ஓர் ஆட்டக்காரருக்கு இரண்டு முழு ஆட்டம், அதில் ஒன்று பலமான எதிரணியோடு. கம்பைன் ஓட்ட நேரத்தையும் அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். சேவியர் வொர்தி 2024இல் 40 கஜத்தை 4.21 வினாடியில் ஓடிச் சாதனை படைத்தார், ஆனாலும் போனது 28ஆவதாகத்தான்.

நம்மிடம் இல்லாத ஓர் ஆவணம் உண்டு: மருத்துவ அறிக்கை. கம்பைனில் அணி மருத்துவர்கள் பார்ப்பது நமக்கு வராது. மிஷிகன் கார்னர்பேக் வில் ஜான்சனை 2025இல் பலர் முதல் ரவுண்டில் எழுதியிருந்தார்கள். முழங்கால் பற்றிய சந்தேகத்தில் அவர் 47ஆவது பிக் வரை இறங்கினார். டிராஃப்டுக்கு முந்தைய வாரத்தில் காயம் என்ற சொல்லோடு ஒரு பெயர் செய்தியில் அடிபட்டால் ஒரு படி இறக்கி வையுங்கள்.

6. மோப்பம் பிடியுங்கள்

யாரை எடுக்கும் என்ற கேள்விக்கு இதுதான் உதவும். ஒவ்வோர் அணியும் 30 பேரைத் தன் இடத்துக்கு அழைத்துப் பார்க்கலாம். உள்ளூர்க்காரர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். யார் யார் எங்கே போனார்கள் என்று செய்தியாளர்கள் எழுதிக்கொண்டே இருப்பார்கள், ஏப்ரல் முழுக்கக் குறித்து வையுங்கள். வந்தவரையெல்லாம் எடுப்பார்கள் என்று அர்த்தமில்லை. சில சமயம் வெறும் கண்கட்டு வித்தை.

அதைவிட நம்பகமானது பயிற்சியாளரின் பழைய வீடு. 2025 ஜனவரியில் பேர்ஸுக்கு வந்த பென் ஜான்சன் டெட்ராய்ட் லயன்ஸின் தாக்குதல் ஆட்டத்தை நடத்தியவர். அங்கே டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிறவர்) சாம் லபோர்ட்டாவை எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்த்திருந்தால் ஒரு துப்புக் கிடைத்திருக்கும். நாங்கள் பலரும் 10ஆவது பிக்குக்கு ரன்னிங் பேக் ஆஷ்டன் ஜீன்டியை எழுதி வைத்திருந்தோம். அவர் 6ஆவதாகவே ரெய்டர்ஸுக்குப் போய்விட்டார். பேர்ஸ் எடுத்தது டைட் எண்ட் கோல்ஸ்டன் லவ்லண்டை, அந்த இடத்தில் ஏற்கெனவே கோல் கிமெட் இருந்தும்.

7. ட்ரேட் எழுதுவதானால் தராசில் நிறுத்துங்கள்

புதியவர்கள் மாட்டுவது இங்கேதான். நம் ஏழாவது ரவுண்ட் பிக்கைக் கொடுத்து எதிரியின் முதல் ரவுண்டை வாங்குவது கனவில் நடக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸ் அணியில் உருவான, அப்போதைய பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரில் வழங்கும் ஓர் அட்டவணை உண்டு. அதில் 1ஆவது பிக் 3000 புள்ளி, 10ஆவது 1300, 16ஆவது 1000, 32ஆவது 590. இன்று நடு ரவுண்டுகளுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் புது அட்டவணைகள் வந்துவிட்டன. ஆனாலும் எடைபோடக் கற்றுக்கொள்ளப் பழையதே எளிது.

உண்மையில் நடந்த ஒன்றை நிறுத்திப் பார்ப்போம். 2025இல் பேர்ஸ் பஃபலோ பில்ஸுக்குக் கொடுத்தது 41, 72, 240. வாங்கியது 56, 62, 109. அட்டவணைப்படி 41 என்பது 490, 72 என்பது 230, 240க்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆக 720. மறுபக்கம் 340, 284, 76, கூட்டினால் 700. பார்த்தீர்களா, மளிகைக்கடைத் தராசு மாதிரி முள் நடுவில் நிற்கிறது. நீங்கள் எழுதும் ட்ரேட் பத்து சதவீதத்துக்கு மேல் சாய்ந்தால் அழித்துவிடுங்கள். குவார்ட்டர்பேக்குக்காக மேலே ஏறுவது மட்டும் விதிவிலக்கு. அப்போது கண்மண் தெரியாமல் கொடுப்பார்கள்.

அடுத்த வருஷத்து பிக்கை இந்த வருஷம் கொடுத்தால் ஒரு ரவுண்ட் குறைத்து மதிப்பிடுவது வழக்கம். 2024இல் பேர்ஸ் 144ஆவது இடத்துக்கு, அதாவது ஐந்தாவது ரவுண்டுக்கு, 2025இன் நாலாவது ரவுண்ட் பிக்கைக் கொடுத்தது. கணக்குச் சரி.

8. சிமுலேட்டர், செலவு

மற்ற 31 அணிகளுக்கும் கணினியே பிக் செய்து, உங்கள் அணிக்கு மட்டும் உங்களைக் கேட்கும் சிமுலேட்டர்கள் நிறைய இருக்கின்றன. மேலே சொன்ன தாள்களெல்லாம் தயாரான பிறகு இதற்கு வாருங்கள். ட்ரேடை அணைத்துவிட்டுப் பத்துத் தடவை ஓட்டுங்கள். உங்கள் பிக் வரும்போது யார் எத்தனை தடவை மிச்சம் இருந்தார் என்று கோடு போட்டு எண்ணுங்கள். பத்தில் ஏழு தடவை ஒருவர் இருந்தால் எழுதலாம். ஒரே ஒரு தடவை கிடைத்த அதிர்ஷ்டத்தைப் படம் பிடித்து வாட்ஸாப்பில் போடுகிறவர்கள்தான் அதிகம், நானும் போட்டிருக்கிறேன். கணினி எதிரணிகள் ட்ரேடில் ஏமாந்துபோவதில் மன்னர்கள். அதை நம்பிப் பட்டியல் போடாதீர்கள்.

செலவு? முதல் வருஷம் ஒரு காசு செலவழிக்கத் தேவையில்லை. நான் ஒரு தளத்தில் ஒரு மாதச் சந்தா என்று நினைத்துக் கட்டினேன். அது வருஷச் சந்தா, அதுவும் தானாகப் புதுப்பித்துக்கொள்வது. அடுத்த வருஷம் கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்து என் மனைவி கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. கட்டியே தீருவேன் என்றால் மார்ச்சில் கட்டி, அன்றைக்கே புதுப்பித்தலை ரத்து செய்துவிடுங்கள். டிராஃப்டை நேரில் பார்க்க நுழைவுச் சீட்டு இலவசம். லீக்கின் செயலியில் முன்பதிவு செய்தால் போதும். ஆனால் அந்த வாரம் ஊரில் அறை வாடகை எகிறும். 2025இல் கிரீன் பே மாதிரிச் சின்ன ஊரில் நடந்தபோது நான் தொலைக்காட்சியே போதும் என்று இருந்துவிட்டேன்.

9. மூன்று நாள்

வியாழன் முதல் ரவுண்ட், வெள்ளி இரண்டும் மூன்றும், சனி மிச்சம் நான்கு. 2025இல் சிகாகோ நேரப்படி வியாழன் மாலை 7, வெள்ளி மாலை 6, சனி காலை 11. இந்தியாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வெள்ளி விடிகாலை 5.30, சனி விடிகாலை 4.30, சனி இரவு 9.30. அந்த வருஷம் ஒரு பிக்குக்கு முதல் ரவுண்டில் 10 நிமிஷம், இரண்டாவதில் 7, பிறகு 5, கடைசி ரவுண்டில் 4. வியாழன் அன்று சாவகாசமாகச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். சனிக்கிழமை கண் சிமிட்டினால் இரண்டு பிக் போய்விடும்.

பலகையில் எடுக்கப்பட்டவர்களை அடித்துக்கொண்டே வாருங்கள். தொலைக்காட்சிக்காரர்கள் ஒரே ஆளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் அவர் அடுத்து போவார் என்று அர்த்தமில்லை. 2025இல் குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸைப் பற்றி வியாழன் முழுக்கப் பேசினார்கள், வெள்ளி முழுக்கப் பேசினார்கள். சனிக்கிழமை ஐந்தாவது ரவுண்டில், 144ஆவதாகப் போனார். அவர் பெயரை முதல் ரவுண்டில் எழுதியிருந்த எங்கள் மேசைக்காரர் அந்த வருஷம் டோனட் வாங்கினார்.

கடைசி ரவுண்ட் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். எடுக்கப்படாதவர்களை அணிகள் போனில் பிடித்துப் போடுவது உடனே தொடங்கிவிடும், உங்கள் பலகையில் மிச்சமிருக்கும் பெயர்கள் அங்கே போகும். அதையும் குறித்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே அடுத்த வருஷத்துக்கான பிக் தாளைத் தொடங்கிவிடுங்கள், நினைவு சூடாக இருக்கும்போதே. ஜோ தூனிக்காக எதைக் கொடுத்தார்கள் என்று தேடிப் பார்த்து, 2025 ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை காலை என் தாளில் முதல் வரியாக எழுதியது இது: 2026, நாலாவது ரவுண்ட், இல்லை.